சிந்துவின் கரையில் நின்றுபோன வண்டிகள்

சித்திரை 24

பரணைச் சுத்தம் செய்தபோது பெரியப்பாவின் தார்ப்பாய் அகப்பட்டது. ரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவர், 1942-ஆம் வருஷத்துக் கோடையில் லட்சக்கணக்கான இந்தியரோடு பர்மாவை விட்டுக் கால்நடையாக வெளியேறியபோது, யேயூவுக்கும் ஷ்வேஜினுக்கும் நடுவே ஒரு காட்டோடையின் மணலில் அச்சுவரை புதைந்து கிடந்த ராணுவ லாரியின்மேலிருந்து அறுத்தெடுத்து, எல்லையிலுள்ள தமுவைத் தாண்டி மலையேறும்போது மழை பிடித்துக்கொண்ட இரவுகளில் ஐந்து குடும்பங்களுக்குக் கூரையாகக் கட்டியது இதுதான். பிற்பாடு எத்தனையோ அறுவடைகளில் எங்கள் களத்து நெல்லையும் மூடிற்று. "வண்டியிலே ஒரு குறையும் இல்லை தம்பி, பாதைதான் இல்லை" என்பார்.

சித்திரை 25

அந்த ஒரு வாக்கியமே இரவெல்லாம் மனத்தில் சுழன்றுகொண்டிருந்தது. சிந்துவின் என்னும் பர்மிய நதியின் கரையில் நின்றுபோன வண்டிகளின் கதை, 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசிய காலையிலேயே ஆரம்பித்துவிட்டது என்பது என் துணிபு. அந்தத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் பெரும்பாலும் வங்கக் கடலின் இக்கரையிலிருந்து பிழைப்புத் தேடிப் போன இந்தியத் தொழிலாளிகள். உயிருக்கு அஞ்சி அவர்கள் சிதறியோடவே, உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த சரக்கெல்லாம் இறக்குவாரின்றித் தேங்கிற்று. சீனாவுக்கென்று அமெரிக்கா அனுப்பியிருந்த தளவாடங்களில், முழுதும் பூட்டி முடியாத 972 லாரிகளும் 5,000 டயர்களும், நகரத்தைக் கைவிடுகிற சமயத்தில் பகைவன் வசம் போகலாகாதென்று அழிக்கப்பட்டன. மார்ச் 8-ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள்.

ரங்கூன் போனபின் பிரிட்டிஷ் சேனைக்கு வேறு வாசல் இல்லை. சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பல் போய்வந்த சௌகரியத்தில், இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே எக்காலத்திலும் வண்டி ஓடக்கூடிய ஒரு சாலை வேண்டுமென்று ஆண்டவர்களுக்குத் தோன்றவேயில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளைக் கொண்டு இம்பாலிலிருந்து தமுவுக்கு அவசர அவசரமாக மலையை வெட்டத் தொடங்கியபோது, பகைவன் ஏற்கெனவே பர்மாவின் உள்ளே இருந்தான். மண்வெட்டி பிடிக்கிறவனையும் மூட்டை சுமக்கிறவனையும் யுத்தம் வந்தபின் நினைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை!

சித்திரை 27

இன்று மே 10. 1942-இல் ஷ்வேஜின் சம்பவம் நடந்த தேதி.

யேயூவிலிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுத் தடத்தில், வறண்ட ஓடைகளின் மணலைத் தாண்டித் தாண்டி, வழியெல்லாம் வண்டிகளை இழந்துகொண்டே வந்த பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் படை, சிந்துவின் நதிக்கரையில் செங்குத்தான பாறைகள் சூழ்ந்த ஷ்வேஜின் என்ற கிண்ணம் போன்ற பள்ளத்தில் வந்து நின்றது. அங்கிருந்து, இந்தியாவுக்குப் போகும் வழியில் அக்கரையிலிருந்த கலேவாவுக்கு ஆற்றில் ஆறு மைல். ஏற்றிச்செல்ல இருந்தவையோ சில நீராவிப் படகுகள். ஒரு படகில் ஐந்நூறு அறுநூறு பேர் நெருக்கியடித்து ஏறலாம். லாரியென்றால் ஒன்றோ இரண்டோதான். விமானத் தாக்குதலுக்கு இடையே படகோட்டிகள் எத்தனை நடைதான் வருவார்கள்?

அன்று காலை ஜப்பானியர் மேட்டிலிருந்து சுடத் தொடங்கினர். பொழுது சாயும் வேளையில் பீரங்கிப் படையினர் மிச்சமிருந்த குண்டுகளையெல்லாம் பொழிந்து தீர்த்துவிட்டுப் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்தார்கள். எகிப்திலிருந்து கடல் கடந்து வந்து, சேனையை ரங்கூன் தொடங்கிக் காத்துவந்த ஸ்டூவர்ட் டாங்கிகளின் எண்ணெயை வடித்துவிட்டு, இயந்திரம் இறுகிப்போகும்வரை அவற்றை ஓடவிட்டார்கள். தன்னைச் சுமந்த குதிரையைத் தானே கொல்லும்படி நேர்ந்த வீரனின் துக்கம் அந்தச் சாரதிகளுக்கு இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போர்க்களத்தில் தோற்காத வாகனங்கள், ஏற்றிச்செல்லப் படகில்லாமல் மாண்டன. படையோ ஆற்றோரத்து ஒற்றையடிப் பாதையில் நடந்துபோயிற்று. இந்தியாவை அடைந்தபோது அதனிடம் எஞ்சியிருந்தவை ஏறக்குறைய ஐம்பது லாரிகள், முப்பது ஜீப்புகள், இருபத்தெட்டுப் பீரங்கிகள்.

வைகாசி 1

வென்றவனும் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. 1944 மார்ச்சில் முத்தகுச்சி என்ற ஜப்பானியத் தளபதி மூன்று டிவிஷன்களோடு அதே சிந்துவின் நதியைத் தாண்டி இம்பாலை நோக்கி வந்தபோது, மூன்று வாரத்து உணவையும், வழியில் அறுத்துண்ண மாட்டு மந்தைகளையுமே நம்பினான். மந்தைகளில் பல ஆற்றோடு போயின. ஜூலையில் பசியும் வயிற்றுக்கடுப்புமாகத் திரும்பியவர்களின் பிணங்களும் வண்டிகளும் தமுச் சாலையில் சேர்ந்தே கிடந்தன.

ஸ்லிம் படித்தார். பட்டுப் பாராசூட் கிடைக்காதென்றபோது கல்கத்தாச் சணலில் பாராசூட் நெய்வித்தார். யானைகள் இழுத்துவந்த தேக்கில் கலேவாவிலேயே படகுகள் கட்டுவித்தார். 1944 டிசம்பரில் அங்கே 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் எழுந்தது.

ஷ்வேஜினில் ஒரே ஒரு டாங்கியை மட்டும் எப்படியோ அக்கரை சேர்த்திருந்தார்கள். அதைப் பழுதுபார்த்து, சுழல்பீரங்கி மேடையைக் கழற்றிவிட்டுத் தலைமை வாகனமாக வைத்துக்கொண்டது, பழைய சென்னைக் குதிரைப்படையின் வழிவந்த 7-ஆம் லைட் கவல்ரி. 1945-இல் அந்தப் படையோடு அது மறுபடியும் பர்மாவுக்குள் போயிற்று.