திரும்பி வந்த கட்டுரை

1911ஆம் ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் பெர்னோலி எண்களின் பண்புகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், நிலையான வேலை இல்லாதவர், வயது இருபத்து மூன்று. அக்கட்டுரை அச்சேறுமுன் ஒருமுறைக்கு மேல் அவரிடமே திரும்பி வந்தது. திருப்பியனுப்பியவர் இதழின் ஆசிரியரும் பெங்களூருவில் கணிதப் பேராசிரியருமாகிய நாராயண ஐயங்கார். கருத்து புதியது, செறிவானது. ஆனால், சொல்முறையில் தெளிவில்லை, பழகாத வாசகரால் பின்தொடர இயலாது என்பது அவருடைய கணிப்பு.

நூலுக்குரிய குற்றங்களைப் பத்தாக வகுக்கும் நன்னூல், முதலில் நிறுத்துவது குன்றக் கூறலை. இராமானுஜனின் எழுத்திலிருந்த குறையும் அதுவே. பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, முழங்கையால் பலகையைத் துடைத்துவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. தாளின் விலை அதற்கு ஒரு காரணம். இடைப்படிகள் அவர் மனத்தில் இருந்தன, தாளில் இல்லை. அவற்றைத் தாளுக்குக் கொண்டுவரச் செய்தது இதழாசிரியரின் பொறுமை. விளங்கவில்லை என்று கட்டுரையை ஒதுக்கியிருக்கலாம். மேதையின் எழுத்து என்று அப்படியே அச்சிட்டும் இருக்கலாம். இரண்டுமே அவருக்கு வேலையைக் குறைத்திருக்கும்.

அடுத்த ஆண்டு இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அவருடைய ஆய்வின் மதிப்பை அறிய விரும்பிய பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், இலண்டனில் தமக்குக் கற்பித்த பேராசிரியர் எம். ஜே. எம். ஹில்லுக்கு அதனை அனுப்பிவைத்தார். ஹில்லின் மறுமொழி பொறுப்புடன் எழுதப்பட்டது. கட்டுரைகள் தெளிவாக எழுதப்பட வேண்டும். விளக்கப்படாத குறியீடுகளைப் பயன்படுத்தலாகாது. விரியும் தொடர்களைக் கையாளும் எச்சரிக்கை இளைஞருக்குத் தெரியவில்லை. ஆதலால் பிராம்விச் எழுதிய முடிவிலாத் தொடர்களைப் பற்றிய நூலைக் கற்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். குறையைச் சுட்டி, அதனை நீக்கும் வழியையும் சொன்ன மடல் அது. இன்று மாணவர்கள் ஒருவர் மற்றவரின் செயல்திட்ட அறிக்கையைப் படித்து, ‘நன்று’ என ஒற்றைச் சொல் எழுதித் தருவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆயினும் அதில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா இயல் எண்களையும் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என இராமானுஜன் எழுதியிருந்தார். ஹில் அதனைப் பிழையெனக் கொண்டார். வழக்கமான கூட்டலின் பொருளில் அது பிழையே. ரீமன் சீட்டா சார்பின் வழியே கூட்டலுக்கு விரிந்த பொருள் கொடுத்தால் அந்த மதிப்பு பொருந்தும். தாம் எந்தப் பொருளில் சமக்குறியை இடுகிறோம் என்று இராமானுஜன் சொல்லவில்லை. எந்தப் பொருளில் இட்டீர் என்று ஹில் கேட்கவும் இல்லை. எழுதியவரின் குறை பெரிதா, படித்தவரின் குறை பெரிதா என்றால், முன்னதே பெரிது. ஆனால், கேட்டிருந்தால் ஒரே ஒரு வரி செலவாகியிருக்கும்.

அந்த வரியை எழுதியவர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஹார்டி. 1913 சனவரியில் இராமானுஜன் அனுப்பிய மடலில் ஏறத்தாழ 120 முடிவுகள் இருந்தன, நிறுவல்கள் இல்லை. லிட்டில்வுட் என்னும் நண்பருடன் அமர்ந்து அவற்றை ஆராய்ந்த ஹார்டி, பிப்ரவரி 8ஆம் நாள் மறுமொழி எழுதினார். தமக்கு மிகுந்த ஆர்வம் உண்டானதை முதலில் தெரிவித்தார். பின்னர் முடிவுகளை மூவகையாகப் பிரித்தார்: முன்பே அறியப்பட்டவை அல்லது அவற்றிலிருந்து எளிதில் பெறத்தக்கவை, புதுமையால் வியப்பூட்டுபவை, புதியனவும் முதன்மையானவையும். நிறுவல்களைக் காணாமல் மதிப்பிட இயலாது என்பதையும் மறைக்கவில்லை. பாராட்டு, எதற்கு உரியது என்று தெரிந்த பாராட்டாக இருந்தது. தம் உழைப்பைப் பரிவுடன் நோக்கும் நண்பர் கிடைத்தார் என்று இராமானுஜன் மறுமொழியில் மகிழ்ந்தார். அதே மடலில், கூட்டலின் அந்த விந்தை விடையையும் இலண்டன் பேராசிரியரின் அறிவுரையையும் குறிப்பிட்டார். நிறுவல்களை மட்டும் உடனே அனுப்பவில்லை.

1914இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சேர்ந்தபின் சிக்கல் வேறு வடிவில் வந்தது. பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றி அவர் சொல்லியிருந்த முடிவு தவறானது. சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு அவர் அறியாதது. முறையாகக் கற்பிக்காவிட்டால் பிழை தொடரும். மிகுதியாக வற்புறுத்தினால் அவருடைய தன்னம்பிக்கை குலையும், கண்டுபிடிப்பின் ஊற்று அடைபடும் என ஹார்டி அஞ்சினார். ஆகவே, தவிர்க்க இயலாதவற்றை மட்டும் கற்பித்தார். அவ்வாறு கற்பித்தபோதும், இராமானுஜனுக்குத் தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று பின்னர் எழுதினார். பகா எண்களில் நேர்ந்த தோல்வியையும் அவர் மூடி மறைக்கவில்லை. அது சில வகைகளில் இராமானுஜனின் வெற்றிகளைவிட வியப்புக்குரியது எனக் கருதினார். எப்படித் தவறினார் என்பதைப் படித்து அறிந்தவரே இவ்வாறு கூற முடியும்.

பகு எண்களுள் காரணிகள் மிக்கவற்றைப் பற்றிய இராமானுஜனின் நீண்ட கட்டுரை 1915இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் ஆய்வு வழியே பட்டம் பெற்றார். எண் பிரிவினைகளைப் பற்றிய 1918ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஹார்டி, இராமானுஜன் என இரு பெயர்கள் இருந்தன. 1920இல் இராமானுஜன் மறைந்தார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய கட்டுரைகளின் தொகுப்பைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. பதிப்பித்தவர்களுள் ஹார்டியும் ஒருவர். அத்தொகுப்பில் முதற்கட்டுரையாக நிற்பது, நாராயண ஐயங்கார் திருப்பியனுப்பிய பெர்னோலி எண்களைப் பற்றிய அந்தக் கட்டுரை.