மீந்த சோற்றுக்கு யார் பொறுப்பு?

வீட்டில் சாப்பாடு வீணாவதற்குத் திமிரோ சமைக்கத் தெரியாததோ காரணமில்லை என்பது என் எண்ணம். மீந்தது யாருடையதும் இல்லாமல் போவதுதான் காரணம். இரவு ஒன்பதரை மணிக்குக் குக்கரில் இரண்டு கரண்டி சோறு, பாத்திரத்தில் ஒரு கிண்ணம் சாம்பார், கொஞ்சம் பீன்ஸ் பொரியல். சாப்பிட்டவர்கள் கை கழுவிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு கரண்டிச் சோற்றை நாளை யார், எந்த வேளைக்கு, எதோடு சாப்பிடப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அது டப்பாவில் ஏறி ஃபிரிட்ஜுக்குள் போகிறது. நாலைந்து நாள் கழித்து யாராவது மூடியைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதை யார் வச்சது?" என்கிறார்கள். வைத்தவர் என்று ஒருவர் அகப்படுவதே இல்லை.

நான் வளர்ந்த பாளையங்கோட்டை வீட்டில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அங்கே எல்லா மீதிக்கும் அம்மாதான் பொறுப்பு. நாங்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டு போட்டு உட்காருவாள். அந்தத் தட்டில் அவளுக்கென்று புதிதாக எதுவும் விழாது. காலையில் மீந்த இட்லி, தம்பி பாதியில் வைத்துவிட்டுப் போன தோசை, மத்தியானத்துச் சோறு, ரசத்தின் அடிமண்டி. "கொட்டவா முடியும்?" என்பாள், அவ்வளவுதான். ராத்திரி மீந்ததில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். விடிந்தால் எங்களுக்குச் சுடச்சுட இட்லி, அவளுக்குப் பழையதும் ஒரு மோர்மிளகாயும்.

அவள் சிறுமியாக இருந்தபோது அரிசிக்கு வரிசையில் நின்றவள். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி நாட்டு மக்களையே கேட்டுக்கொண்டார். அடுத்து வந்த 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழ்நாட்டில் ஆட்சியே மாறுவதற்கு ஒரு பெரிய காரணமாக இருந்தது. அந்த நாட்களைப் பார்த்த கைக்கு ஒரு பருக்கையைக் கொட்ட மனம் வராது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் "எங்கள் வீட்டில் எதுவும் வீணானதில்லை" என்று அந்தக் காலத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. வீணாகாததற்குக் காரணம், ஒரு வயிறு அத்தனையையும் வாங்கிக்கொண்டதுதான். அவளுக்குப் பசித்ததா, பிடித்ததா, அது ஒத்துக்கொண்டதா என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

என் தலைமுறைப் பெண்கள் அப்படிச் சாப்பிட மறுத்துவிட்டோம். அது முழுக்க நியாயம். ஆனால் அந்த வேலையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா இருந்த இடத்தில் ஃபிரிட்ஜ் வந்து நின்றது. அது எதையும் வாங்கி வைத்துக்கொள்ளும், எதையும் தின்று தீர்க்காது. கடைசியில் எல்லாம் குப்பைக்குத்தான் போகிறது. மீந்ததைச் சாப்பிடுவது ஒருத்தியின் தலையெழுத்தாக இருக்கக் கூடாது என்றால், அது வீட்டிலுள்ள அத்தனை பேரின் வேலையாகவும் ஆகவேண்டும். வேறு வழியில்லை.

இது நம் வீட்டோடு நிற்கிற கதையில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஹோட்டல்களிலோ கடைகளிலோ வீணாகவில்லை, வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. தோல், எலும்பு, கொட்டை போன்ற சாப்பிட முடியாதவையும் இதில் அடக்கம் என்பதைச் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் மனசு ஆறவில்லை. ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்த நெல்லை ஆலைக்குக் கொடுத்தால் கிடைப்பது முக்கால் கிலோவுக்கும் குறைவான அரிசி. தாமிரபரணிக் கரையில் கார், பிசான நெல் சாகுபடிகளுக்கு வாய்க்கால் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சிங்க் வலையில் அடைத்துக்கொண்டு நிற்கும் சோறு வெறும் சோறாகத் தெரிவதில்லை. கொட்டுவதும் மறைந்து போவதில்லை. சென்னையின் குப்பைக் கிடங்குகளில், கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ, குப்பையோடு குப்பையாகப் புதைந்து, காற்றுப் படாமல் அழுகி, மீத்தேனாக மேலே வருகிறது.

எங்கள் வீட்டில் மாற்றம் தொடங்கியது ஒரு தாளில்தான். சாமி அறையில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலையும் நூல் கட்டித் தொங்கவிட்டேன். விதி ஒன்றே ஒன்று: கொட்டுகிறவர் எழுதவேண்டும். என்ன, எவ்வளவு, ஏன். மூன்று சொல் போதும். "தேங்காய்ச் சட்னி, அரைக் கிண்ணம், புளித்துவிட்டது." "கொத்தமல்லி, பாதிக் கட்டு, அழுகல்." "சாம்பார், ஒரு கிண்ணம், யாரும் வீட்டில் சாப்பிடவில்லை."

எழுதியதைப் பார்த்துத் திட்டக் கூடாது என்பதை நான் எனக்கே விதித்துக்கொண்டேன். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. திட்டு விழும் என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுத மாட்டார்கள், மறைப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் டிபன் பாக்ஸ் சுத்தமாகக் காலியாக இருக்கும். அது வயிற்றுக்குள் போனதா, பள்ளித் தொட்டிக்குள் போனதா என்று நமக்குத் தெரியாது. திட்டு இல்லை என்று உறுதியான பிறகு சின்னவள் தானாகவே எழுதினாள்: "லெமன் சாதம், பாதி, சாப்பிட நேரம் இல்லை." மதிய இடைவேளையில் கை கழுவும் வரிசையிலேயே பாதி நேரம் போய்விடுகிறதாம். அவளுக்குச் சாதம் பிடிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அளவைக் குறைத்து, சீக்கிரம் சாப்பிடக்கூடியதாக, உருட்டி வைக்கிற பிடிகொழுக்கட்டையோ சப்பாத்திச் சுருளோ கொடுத்ததும் டப்பா உண்மையாகவே காலியாகி வந்தது. காரணம் தெரியாமல் எந்த விரயத்தையும் நிறுத்த முடியாது. அந்தக் காரணத்தைச் சொல்கிற தைரியம் வீட்டில் இருக்கவேண்டும்.

தாள்கள் சேரச் சேர, வீணாவது எது என்று நாங்கள் நினைத்ததும் உண்மையும் வேறு வேறாக இருந்தன. சோறு என்று நினைத்தோம். முதலில் நின்றது கீரையும் கொத்தமல்லியும்; மலிவாகக் கிடைக்கிறதே என்று சேர்த்து வாங்குகிறவை. அடுத்தது பொங்கிப் புளித்த தோசை மாவு. அதற்கடுத்தது, சொல்லாமல் வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறவரின் பங்கு. இது என் கணவருடையதும் மூத்தவனுடையதும். ஆபீஸில் யாருக்கோ பிறந்தநாள், நண்பர்களோடு பரோட்டா, இல்லையென்றால் ராத்திரி பத்து மணிக்குக் கைபேசியில் வரவழைத்த பிரியாணி. அடுப்பில் அவர்களுக்காகச் செய்தது அப்படியே இருக்கும்.

அதனால் இரண்டாவது விதி வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குள், உலையில் அரிசி விழுவதற்கு முன்னால், இரவு வீட்டில் சாப்பாடு வேண்டாதவர் சொல்லிவிடவேண்டும். சொல்லாதவரின் பங்கு மறுநாள் அவருடைய காலைச் சாப்பாடு. "ஏங்க, நேத்து சோறு உங்களுக்காக இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தாளித்து, தயிர் விட்டுப் பிசைந்து, அவரே டப்பாவில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஆறு மணிக்கு முன்பே போன் வருகிறது. அரிசி அளப்பதும் மாறிற்று. டம்ளரைக் கண் மதிப்பில் அமுக்கிக் கோரிப் போடுவதை விட்டு, அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஆழாக்கை எடுத்தேன். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு எத்தனை பேர், எத்தனை ஆழாக்கு என்பதை மூத்தவன்தான் அளந்து போடுகிறான். அளந்தவனுக்கு மீந்தால் கணக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரவு அடுக்களையை ஒழிக்கும்போது ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு ஆள், ஒரு வேளை. "பொரியல் நாளைக்கு அப்பாவோட சப்பாத்திக்கு." "இட்லி, சின்னவளுக்குச் சாயங்காலம் உப்புமா." டப்பா முன்வரிசையில், கண்ணுக்கு எதிரே. பால் பாக்கெட்டுக்குப் பின்னால் எதுவும் ஒளியக் கூடாது.

மீந்ததைத் தண்டனைபோலச் சாப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் சமையலில் மீந்ததிலிருந்தே பிறந்த பண்டங்கள் எத்தனை! உதிர்த்த இட்லிக்குக் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு வற்றல் மிளகாய் தாளித்து, வெங்காயம் சிவந்ததும் போட்டுப் புரட்டினால் புது இட்லியைவிட அதற்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி. சித்திரை வெயிலில் மீந்த சோற்றைச் சீரகம், பச்சை மிளகாய், பெருங்காயம், உப்போடு அரைத்து வேட்டித் துணியில் கிள்ளி வைத்தால் வருஷத்துக்கும் வடகம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் நெல்லைப் பக்கத்துச் சுண்டக்கறியைத்தான் சொல்வேன். பொங்கலன்று சாம்பார், சிறுகிழங்குப் பொரியல், சேனை மசியல், தயிர் விடாத அவியல் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நிற்கும். அன்றிரவே ஒவ்வொன்றையும் கொதிக்கவைத்து எடுத்துவைப்பாள் அம்மா. மறுநாள் காலை மண்சட்டியை அடுப்பில் ஏற்றி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவாள். தயிர் விட்டது எதுவும் அதில் சேராது. சிறு தீ. முதலில் அது பார்க்கச் சகிக்காது. மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பித் தளதளவென்று கிடக்கும். அடி பிடிக்காமல் அகப்பையால் சுரண்டிச் சுரண்டிக் கிண்டவேண்டும். தண்ணீர் வற்ற வற்ற நிறம் மாறும். காயின் உருவம் கரையும், சேனை மட்டும் இங்கொன்று அங்கொன்றாகத் தட்டுப்படும். சட்டி ஓரத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும்போது ஒரு கரும்பழுப்பு வந்திருக்கும். புளியும் காரமும் தேங்காயும் சேர்ந்த அந்த வாசம் தெருமுனைவரை போகும். பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டால் வேறொன்றும் வேண்டாம். புதிதாகக் காய் நறுக்கி அந்த ருசியை ஒருநாளும் கொண்டுவர முடியாது. முதல் நாள் சமையல் அதற்குள் இருக்கவேண்டும். இப்போது எங்கள் வீட்டில் அதைக் கிண்டுவது என் கணவர். பொறுமை வேண்டிய வேலை, அவருக்கு அது இருக்கிறது.

மிச்சப்படுத்துகிறோம் என்று கெட்டதைத் தின்னவும் கூடாது. சமைத்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்த பிறகும் உயிரோடு இருக்கும். சோற்றை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே விட்டால் அவை பெருகும். அவை உண்டாக்கும் ஒருவகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் சோறு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குள் போகவேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். இரவில் அது புளித்து, அந்தப் புளிப்பே பல கிருமிகளை அடக்கும். எடுத்துச் சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைப்பதில்லை. நிறமோ மணமோ மாறியதைக் கொட்டிவிட்டுத் தாளில் எழுதிவிடுகிறோம். பொறுப்பு என்பதில் அதுவும் சேர்த்தி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் மீந்தது வேலைக்கு வரும் அக்காவுக்குப் போகிறது, அதுவும் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்த பிறகு. நாம் சாப்பிடத் தயங்குவதை இன்னொருவர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வீணாக்கவில்லை என்று திருப்திப்படுவது எனக்குச் சம்மதமில்லை. அம்மாவின் வயிற்றில் ஏற்றியதை இப்போது அவர் வயிற்றில் ஏற்றுகிறோம். கொடுப்பதானால் சமைத்த அன்றே, சூடாக, நாம் சாப்பிடுவதற்கு முன்னால், வேண்டுமா என்று கேட்டு.

இப்போதும் எங்கள் தாள் வெறுமையாக இருப்பதில்லை. கொத்தமல்லி இன்னும் வருகிறது, வேர் தண்ணீரில் நிற்க ஒரு பாட்டிலில் வைத்தும். உறவுக்காரர்கள் வரும் நாட்களில் அளவு தவறிவிடுகிறது. ஐந்து பேருக்குப் பத்துப் பேர் சோறு வடிப்பது கையோடு ஊறிவிட்ட பழக்கம், குறைந்துவிடுமோ என்ற பயம் விடமாட்டேன் என்கிறது. போன முறை மதுரையிலிருந்து சித்தி குடும்பம் வருவதற்கு முன்னால் மூத்தவன் போன் போட்டு, "சித்திப் பாட்டி, ராத்திரி தோசையா சோறா, எத்தனை பேருக்கு?" என்று கேட்டான். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. சித்திக்கு அப்படிப் படவில்லை. "தோசை போதும்டா, ஆளுக்கு மூணு. தாத்தாவுக்கு ரெண்டு. மாவு மிச்சம் இருந்தா காலையில பணியாரம் ஊத்திரலாம், நான் சுட்டுத் தாரேன்" என்றாள்.