ஊடலும் உரிமையும்

சென்ற விடுமுறையின்போது எமது பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி நாம் முதன்முதலாகத் தமிழ் கற்பித்த வகுப்பில் இருந்தவர். ஒரு மாலை எம் வீட்டுக்கு வந்து, தமது மடிக்கணினியை மேசைமீது வைத்து, "சேர், உங்களுக்கு நாடகம் பிடிக்கும். இதை ஒருக்காப் பாருங்கோ" என்றார்.

அது 'விஷியஸ்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். பிரித்தானியாவின் ஐ.டி.வி. நிறுவனம் 2013 முதல் 2016 வரை ஒளிபரப்பியது. இலண்டன் கொவென்ற் கார்டன் பகுதியில் ஒரு வீடு. அதிலே இரு முதியவர். ஒருவர் பிரெடி, சிறு வேடங்களிலேயே காலத்தைக் கழித்தும் பெருநடிகரென்ற நினைப்பு மாறாதவர். மற்றவர் ஸ்ருவாட், முன்பு மதுச்சாலைப் பணியாளர். ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இருவரும் காதலராய் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். காலை முதல் இரவு வரை ஒருவரையொருவர் ஏசிக்கொள்கின்றனர். ஒருவருடைய வயதும் தோற்றமும் மற்றவருக்கு ஏளனப்பொருள். உயிரோடிருக்கிறதோ இல்லையோ என்று அடிக்கடி பார்க்கவேண்டிய கிழட்டு நாயொன்றும் அங்குண்டு. கதை அவ்வளவே. இயன் மக்கெலன், டெறிக் ஜக்கோபி என்னும் இரு நடிகரும் சேக்ஸ்பியர் நாடகங்களில் பெயர் பெற்றவர்கள். மன்னர்களுக்குப் பயன்படுத்திய குரலை இங்கே தேநீர்ச் சண்டைக்குப் பயன்படுத்துகின்றனர்.

நாம் சிரித்தோம். எனினும் உள்ளத்திலே ஓர் உறுத்தல் இருந்தது. கையசைப்பும் கண்சிமிட்டலும் பழைய கேலிச்சித்திரத்தையே மீண்டும் வரைகின்றன அல்லவா? பிரித்தானிய விமரிசகர் பலரும் இது 1970களின் பழம்பாணி என்று குறைகூறினர். அன்றியும், ஓய்வுபெற்ற மதுச்சாலைப் பணியாளரும் வாய்ப்பற்ற நடிகரும் நகரின் நடுவே எவ்வாறு வாடகை கொடுத்து வாழ்கின்றனர் என்ற கேள்வியைத் தொடர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவை நியாயமான குறைகள். எனினும் அவற்றோடு நின்றுவிட எம்மால் இயலவில்லை.

நாம் தமிழ் படித்தவர்கள். மருதத்திணைக்கு ஊடலை உரிப்பொருளாக வகுத்த இலக்கணத்தை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். திருக்குறளின் இறுதி அதிகாரமே ஊடலுவகை. ஊடல் எப்போது இயலும்? கதவைத் தட்டிப் பிரிப்பதற்கு எவரும் வரார் என்ற உறுதி இருக்கும்போதே இயலும். அஞ்சி வாழ்வோர் உரக்கச் சண்டையிடுவதில்லை, அயலவருக்குக் கேட்டுவிடும்.

பிரெடியும் ஸ்ருவாட்டும் சந்தித்த காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1960களின் நடுப்பகுதி. அப்போது இங்கிலாந்திலே அவர்கள் காதல் சிறைக்குரிய குற்றம். வுல்பென்டன் குழு 1957 இல் விதந்துரைத்தும், 1967 இலேயே சட்டம் திருந்தியது. அதுவும் இருபத்தொரு வயது நிரம்பிய இருவர் தனிமையில் இருந்தால் மட்டுமே. 1966 இல் சார்ள்ஸ் டயர் எழுதிய 'ஸ்ரெயர்கேஸ்' நாடகத்திலும் இவ்வாறே ஏசிக்கொள்ளும் முதிய நாவிதர் இருவர் வருகின்றனர். ஆனால் அங்கே ஒருவருக்கு நீதிமன்ற அழைப்பாணை காத்திருக்கிறது; ஒவ்வொரு வசைமொழியின் அடியிலும் அச்சம் இருக்கிறது. 2013 இன் வீட்டிலே அந்த அழைப்பாணை இல்லை. இரு நாடகங்களுக்கும் இடையிலான வேறுபாடு நகைச்சுவையின் வேறுபாடன்று; சட்டத்தின் வேறுபாடு.

அச்சட்டம் தானாக மாறவில்லை. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு இலண்டன் தன்பாலினத்தார் உண்டியல் குலுக்கி நிதி சேர்த்தனர். 1985 இல் அவர்களது ஊர்வலத்திலே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பதாகையோடு நடந்தனர். 1988 இல் உள்ளூராட்சி மன்றங்கள் தன்பாலுறவை 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்யும் 28ஆம் பிரிவு வந்து ஆசிரியர்களின் வாயைக் கட்டியது. அதனை எதிர்த்தே மக்கெலன் அவ்வாண்டு வானொலியில் தம்மைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். இங்கிலாந்தில் அப்பிரிவு நீங்க 2003 ஆயிற்று. இதே உறவுக்காக 1952 இல் தண்டிக்கப்பட்ட கணித மேதை அலன் ரூறிங்காக 1986 இல் மேடையேறியவர் ஜக்கோபி. ரூறிங்குக்கு அரச மன்னிப்புக் கிடைத்ததும், ஒருபால் திருமணச் சட்டம் நிறைவேறியதும் இத்தொடர் தொடங்கிய 2013 இலேதான். 2015 இல் பிரெடியும் ஸ்ருவாட்டும் திரையில் மணம்புரிந்தனர்.

இவையெல்லாவற்றையும் நாம் பின்னரே படித்தறிந்தோம். அன்று மாலை எம்மைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. ஸ்ருவாட்டின் முதிய தாய் தொலைபேசியில் பேசுவார். அரை நூற்றாண்டாகியும் மகன் உண்மையைச் சொல்லவில்லை. பிரெடி கூடத் தங்கியிருப்பவர் மட்டுமே. அரங்கத்தார் சிரித்தனர், நாமும் சிரித்தோம். பக்கத்திலிருந்தவர் சிரிக்கவில்லை. சிறிது நேரங்கழித்து, "எனக்கு எழுபத்தைஞ்சு வயசு வரேக்கையும் அம்மாவோடை இப்பிடித்தான் கதைக்க வேண்டிவருமோ, சேர்?" என்றார்.

எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. நினைவு மட்டும் வந்தது. அந்த முதல் வகுப்பிலே ஒருநாள், அவருடைய நடையையும் குரலையும் குறித்துப் பிற மாணவர் ஒரு பட்டப்பெயரைச் சொல்லிக் கேலிசெய்தனர். வகுப்பே சிரித்தது. புதிய ஆசிரியர், மாணவருக்கு எம்மைப் பிடிக்கவேண்டுமென்ற ஆசை. அப்பெயரை வைத்து நாமும் ஒரு சிலேடை சொன்னோம். கற்ற தமிழ் அதற்குத்தான் பயன்பட்டது. அவர் தலைகுனிந்து கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிலேடைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கோ, சேர். அடுத்த பகுதியைப் போடட்டோ?" என்றார். மறந்திருந்தால், எதைச் சொல்கிறோம் என்று கேட்டிருப்பார். கேட்கவில்லை.

அவரது ஒப்புதலுடனேயே, ஊரும் பெயரும் குறியாது, இதனை எழுதுகிறோம். இங்கிலாந்து கைவிட்ட அச்சட்டத்தை 1883 இல் எமது தண்டனைச் சட்டக்கோவையில் எழுதிவைத்தவர்களும் ஆங்கிலேயரே. அதனை எமது பண்பாடென்று காப்போர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். 2023 மே மாதத்தில், அதனைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் பணி. ஆனால் வகுப்பறையிலே எழும் சிரிப்புக்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை. அதற்கு ஆசிரியரே பொறுப்பு.

அடுத்த தவணையில் மருதத்திணை கற்பிக்கவேண்டும். ஊடலைப் பற்றிச் சொல்லும்போது, முன்வரிசையை மட்டுமன்றி, தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பவரையும் பார்த்தே சொல்ல எண்ணியுள்ளோம்.