கொக்கிளாய்: கறுப்பு மணலும் கரையின் கடனும்

முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே போகும் கரையோர வீதி சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று ஊர் ஊராகத் தாண்டி, நாயாற்றைக் கடந்து, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கமாகக் கொக்கிளாயை வந்தடைகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடும் வயலும், எதிரே பரந்து கிடக்கும் களப்பு. முகத்துவாரத்துக்கு அப்பால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவின் தென்கோடி இது.

ஊரின் சோறு களப்பிலிருந்து வருகிறது. சுமார் 30 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்தக் களப்பில் பேராறும் மா ஓயாவும் கொண்டுவரும் நன்னீர் கடல்நீரோடு கலக்கிறது. அந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் பெருகுகின்றன. வலசை வரும் பறவைகளுக்கும் இதுவே இரைநிலம். 1951 மே மாதத்திலேயே இப்பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடற்கரையில் கரைவலை, களப்பில் சிறுதொழில், மழையை நம்பிய வயல் என்று மூன்றையும் சேர்த்துத்தான் இங்கே ஒரு குடும்பத்தின் வருமானம்.

அந்த வாழ்க்கை 1984 டிசம்பரில் அறுந்தது. வன்முறையும் படை நடவடிக்கையும் சூழ்ந்த அந்த நாள்களில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பிறகே, கால் நூற்றாண்டு கழித்து, திரும்பி வந்தார்கள். வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. சிலரிடம் காணிக்கு உறுதி இருந்தது, சிலரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது, இடம்பெயர்ந்த ஊர்களில் இரண்டையுமே தொலைத்தவர்களும் இருந்தார்கள். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. 2024 வரை நடந்த அகழ்வில் 52 பேரின் எலும்புக்கூட்டு எச்சங்கள் எடுக்கப்பட்டன. மண்ணைத் தோண்டுவது இந்தப் பகுதியில் வெறும் தொழில்நுட்ப விடயமாக இருக்க முடியாது.

இப்படித் திரும்பி வந்த ஊரின் கரையில்தான் கறுப்பு மணல் கிடக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் சுளகில் புடைப்பதைப்போல மணலைப் பிரிக்கின்றன. எடை குறைந்த படிகமணலை இழுத்துக்கொண்டு போய், எடை கூடிய இல்மனைற்று, றூட்டைல், சிர்க்கன் மணிகளைக் கரையில் விட்டுவிடுகின்றன. வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வேண்டிய தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு இல்மனைற்றே மூலப்பொருள். புல்மோட்டைப் படிவை எடுக்க 1957இல் இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச நிறுவனம். 1997 செப்டெம்பரில் புல்மோட்டையில் இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியாலிட்டி’ என்ற கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. அந்த அளவுக்கு இந்த மணலின் பெறுமதி இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

போருக்குப் பின் அகழ்வின் பார்வை களப்பின் வடகரைக்கும் திரும்பியது. கனிய மணலுக்காகத் தங்கள் காணிகள் எடுக்கப்படுவதைக் கொக்கிளாய் மக்கள் எதிர்த்தார்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் நிலம் யாருடையதாயினும் அதிலுள்ள கனியம் அரசுடையது என்கிறது. ஆகவே உறுதி கையிலிருப்பவர்கூட மேல்மண்ணுக்குத்தான் சொந்தக்காரர். அதே சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் கடமையும் தோண்டியவருக்கு உண்டு.

அந்தக் கடமையின் அளவு என்ன என்பதில்தான் இந்த ஊரின் எதிர்காலம் இருக்கிறது. வன்னியில் மலை கிடையாது. பதுளையிலோ நுவரெலியாவிலோ போல இங்கே மலைச்சரிவு நடக்காது. சரிவது கரை. ஆற்றுமணலை அள்ளிய இடங்களில் கரைகள் இடிந்து விழுவதைக் கிளிநொச்சி விவசாயிகள் அறிவார்கள். கடற்கரையில் ஆபத்து இன்னும் பெரிது. மணல்மேடு தாழ்ந்தால் அலை உள்ளே வரும், மேட்டுக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை மெலியும், கிணறு உவர்க்கும். கனியத்தைப் பிரித்தெடுத்து மீதி மணலைக் கொட்டினாலும், தாவர வேர்கள் பிடித்து நிற்காத அந்த மணலைக் காற்றும் அலையும் எளிதில் கொண்டுபோய்விடும்.

பொறுப்பை முன்கூட்டி எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபெர்வான் சாட்சி. 1966 ஒக்டோபர் 21 காலை, நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பாடசாலையையும் வீடுகளையும் மூடியது. 116 சிறுவர்கள் உட்பட 144 பேர் இறந்தார்கள். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பு என்று தீர்த்தது. ஆயினும் எஞ்சிய குன்றுகளை அகற்றும் செலவுக்கு, பாதிக்கப்பட்டோருக்கென உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுக்கப்பட்டது. அந்தத் தொகை திரும்பக் கிடைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா 1977இல் இயற்றிய சட்டம் நிலக்கரி தோண்டும் முன்பே சீரமைப்புப் பிணைப்பணத்தைக் கட்டச் சொன்னதற்கும், கைவிடப்பட்ட சுரங்கங்களின் செலவு ஊர்மக்கள் தலையில் விழுந்த அனுபவம்தான் காரணம்.

நமக்கு நெருங்கிய பாடம் கேரளத்தின் ஆலப்பாட்டில் இருக்கிறது. கொல்லம் மாவட்டத்தில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய கரை அது. பல பத்தாண்டுகள் கனிய மணல் எடுக்கப்பட்ட அந்த ஊரின் மக்கள், தங்கள் நிலத்தைக் கடல் தின்றுவிட்டது என்று 2018, 2019இல் தெருவுக்கு வந்தார்கள். 2004 ஆழிப்பேரலையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை இழந்த ஊரும் அதுதான். மன்னார்த் தீவில் 2025இல் எழுந்த போராட்டத்திலும் கனிய மணல் அகழ்வு ஒரு முதன்மைக் காரணம்.

கொக்கிளாய் மக்களின் கேள்வி எளிமையானது, நியாயமானது. தோண்டும் முன் கரையின் உயரம், கிணற்றுநீரின் உவர்ப்பு, முகத்துவாரத்தின் போக்கு ஆகியவை அளந்து பதியப்பட்டு, அந்தப் பதிவு தமிழில் கிராம அலுவலரிடமும் மீனவர் சங்கங்களிடமும் இருக்க வேண்டும். பிணைப்பணம் குழியை மூடும் செலவோடு நில்லாமல், மணல்மேட்டையும் தாவரத்தையும் மீட்கும் செலவுக்கும் போதியதாக இருக்க வேண்டும். அகழ்வு முடிந்து எத்தனை பருவமழை வரை நிறுவனம் பொறுப்பு என்ற காலவரை அனுமதிப்பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். சீரமைப்பு முடிந்தது என்ற சான்றில் கொழும்பு அதிகாரியின் கையொப்பத்தோடு, கரைவலை இழுப்பவரின் ஒப்புதலும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், 1984இல் விட்டுப்போன காணிகளின் எல்லைகள் தீர்க்கப்பட வேண்டும். காணி யாருடையது என்பது தீராத நிலையில் வழங்கப்படும் ஒவ்வோர் அனுமதியும், நட்டஈடு கேட்கக்கூடியவரின் பெயரையே அழித்துவிடுகிறது.