சதுர அடிக்கு எவ்வளவு, எதற்கு?

வீட்டு வரைபட அனுமதிக் கட்டணம் பற்றியெல்லாம் நாம் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். மனை யார் பெயரில் இருக்கிறது, தெரு எவ்வளவு அகலம், யாருக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு ரசீதில்தான் வந்து சேர்கின்றன.

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் குடியிருப்பவர்களுக்கு இந்த ரசீதே தெரியாது. 1956இல் நிறுவனம் தொடங்கிய பின் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய ஊர் அது. நிலம் நிறுவனத்துடையது, குவார்ட்டர்ஸும் நிறுவனத்துடையது. அங்கே யாரும் சொந்த வீட்டுக்கு வரைபடம் கொடுப்பதில்லை. எங்கள் அப்பாக்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை உள்ளே, குடியிருப்பு வெளியே. வெளியே வந்தால் சில கிலோமீட்டருக்குள் மூன்று வகை உள்ளாட்சிகள்: வடக்குத்து ஊராட்சி, மந்தாரக்குப்பம் இருக்கும் கங்கைகொண்டான் பேரூராட்சி, 2021இல் நகராட்சியான வடலூர். உள்ளாட்சியின் தரத்துக்கேற்பச் சதுர அடிக் கட்டணமும் மாறும்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணம் கிடையாது, உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. ஆனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் ஒருங்கிணைந்த கட்டணம் உண்டு. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்பது நல்ல விஷயம். அதை நாம் மறுக்கவில்லை.

நம் கேள்வி வேறு. கட்டணமும் வரியும் ஒன்றல்ல. வரி பொதுச் செலவுக்கு, கட்டணம் ஒரு குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக. 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை வகுத்தது. காசுக்குக் காசு கணக்கு ஒத்துப்போக வேண்டியதில்லை, ஆனால் வாங்குவதற்கும் தருவதற்கும் நியாயமான தொடர்பு இருக்க வேண்டும் என்று பின்னால் வந்த தீர்ப்புகள் தளர்த்தின. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம், வரைபடத்தைச் சரிபார்க்க ஆகும் நியாயமான செலவைத் தாண்டி நகரங்கள் கட்டணம் வைக்கக் கூடாது என்கிறது. அப்படியானால், முன்கூட்டி எந்த அதிகாரியும் பரிசீலிக்காத வரைபடத்துக்கு வாங்கும் சதுர அடிக் கட்டணம் எந்தச் சேவைக்கு? சாலைக்கா, வடிகாலுக்கா? அந்தச் சாலையும் வடிகாலும் காலனித் தெருவுக்கு வந்தனவா?

எங்கள் தெருவில் ஓர் அக்கா, கூரையை எடுத்துவிட்டு 400 சதுர அடியில் ஒட்டு வீடு போட நினைத்தார். அரசு கொடுத்த மனைதான். பட்டா இறந்துபோன மாமியார் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், அளவை, வரைபடம் போட்டவருக்குக் கூலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு நடந்தார். இணையதளத்தின் முதல் பக்கத்துக்குப் போவதற்குள் கையிலிருந்த காசு கரைந்துவிட்டது. அனுமதி இல்லாததால் வங்கியில் வீட்டுக் கடன் இல்லை. கடைசியில் வாரத் தவணைக் குழுவில் கடன் வாங்கிச் சுவர் எழுப்பினார். இன்று அந்த வீடு அரசின் கண்ணில் அனுமதியற்ற கட்டடம்.

விலக்கு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று இப்போது பாருங்கள். 3,500 சதுர அடி கட்டுபவருக்குத் தள்ளுபடியாகும் தொகை பெரியது. 400 சதுர அடிக்குச் சிறியது. பட்டா இல்லாதவருக்குச் சுழியம். கட்டணப் பட்டியல் பரப்பைப் பார்க்கிறது, கட்டுபவரைப் பார்ப்பதில்லை. சுரங்கத்துக்காக ஊரை விட்டவர்கள் மாற்று மனைக்குப் பட்டா கேட்பது இந்தப் பகுதியில் பழைய கோரிக்கை. காகிதம் இருந்தும் நிலம் பறிபோன கதையைப் பஞ்சமி நிலம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. நிலத்தில் குடியிருந்தும் காகிதம் இல்லாத கதை இது.

ஏழைக்கு விலக்குத் தருவது அரசுக்குத் தெரியாத வித்தையல்ல. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 10 ரூபாய் விண்ணப்பக் கட்டணம்கூடக் கிடையாது. 10 ரூபாய்க்கு இருக்கும் அந்த மனசு, ஆயிரக்கணக்கில் போகும் கட்டணத்துக்கு ஏன் இல்லை?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. காலனி மனைகளில் கட்டும் சிறு வீடுகளுக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உள்ளாட்சிக்கு ஏற்படும் இழப்பை, 2024இல் நிறைவேறிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து ஈடுசெய்யலாமே. பட்டா பெயர் மாற்றத்துக்குத் தெருவிலேயே முகாம். வரைபடம் போட்டுத்தர உள்ளாட்சியிலேயே ஓர் இலவச ஆள்.

மாணவத் தோழர்கள் ஒரு வேலையைத் தொடங்கலாம். உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ தகவல் உரிமை மனு போடுங்கள்: கடந்த ஓராண்டில் வரைபடக் கட்டணமாக வந்த தொகை எவ்வளவு, அதில் காலனித் தெருக்களுக்குச் செலவழித்தது எவ்வளவு? முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதைக் கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள்.