பால்கனியில் இரண்டடி

வடாம் காயப் போட ஓர் இடம் வேண்டும் என்று என் மனைவி சொன்னதில்தான் இது ஆரம்பித்தது. அவளுக்கு முழங்கால் வலி, மொட்டை மாடி ஏற முடியாது. அவள் மேல் குற்றம் இல்லை. பின் யார் மேல் என்றுதான் அப்போது நானும் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

2005-ல் ரிடையர் ஆகி, வந்த பணத்தில் புறநகரில் மனை வாங்கி வீடு கட்டினேன். மாடிக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது மேஸ்திரி சொன்னார்: "சார், பால்கனியை ரெண்டடி வெளியே இழுத்துடலாம். அம்மா சௌகரியமா காயப் போடலாம். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் சார்." பிளானில் மூன்றடி. கட்டியது ஐந்தடி. கான்ட்ராக்டரும் தலையாட்டினார், அதற்குத் தனியாக பில்லும் போட்டார். தெருவோரம் போகிற மின்கம்பியை நாங்கள் யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்தவன் நான்!

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருந்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அந்த பால்கனியில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ரோலரை நீளமான அலுமினியக் குழாயில் மாட்டியிருந்தான். சுவரைப் பார்த்து நிற்கிறவனுக்குக் குழாயின் பின்முனை எங்கே போகிறது என்று தெரியுமா? பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பையன் பால்கனிக்குள் சுருண்டு கிடக்கிறான். கைப்பிடிச் சுவருக்கு வெளியே விழாதது அவன் அம்மா செய்த புண்ணியம். இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டன. பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

அப்புறம்தான் நான் அலைந்தது. மேஸ்திரி, "சார் சொன்னாரு, நான் கட்டினேன்" என்றார். கான்ட்ராக்டர், "அக்ரிமென்ட்டில் ஓனர் கேட்கும் மாற்றங்கள் என்று இருக்கிறது, பாருங்கள்" என்றார். இருந்தது. பிளான் போட்ட என்ஜினீயரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். அவர் பிளானை மேஜையில் விரித்து ஸ்கேலை வைத்துக் காட்டினார். "மூணடி. நான் கையெழுத்துப் போட்டது இதுக்கு. கட்டும்போது வந்து பார்க்க நீங்க என்னை வெச்சுக்கலையே சார்?" வைத்துக்கொள்ளவில்லைதான். பிளானோடு சரி, மேற்பார்வைக்கு வேறு எதற்கு ஐந்நூறும் ஆயிரமும் என்று மிச்சம் பிடித்தவன் நானே.

பேரூராட்சியில், அனுமதிக்கு மாறாகக் கட்டினால் நோட்டீஸ் மனை உரிமையாளர் பெயருக்குத்தான் வரும் என்றார்கள். மேஸ்திரிக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லையாம்.

மின்வாரிய உதவிப் பொறியாளர் மட்டும் நேரில் வந்து அளந்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில் போகிற தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் நடுவே 1.2 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நாலடி வேண்டும். எனக்கு இருந்தது இரண்டே கால் அடி. பிளான்படி கட்டியிருந்தால் நாலே கால் அடி இருந்திருக்கும். "லைன் முன்னாடியே இருக்கு. அது பக்கத்துல கட்டறவர்தான் எங்களுக்கு முதல்ல எழுதித் தரணும். 1956-லயே விதி போட்டாச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு பிளான் அனுமதி விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் படித்தேன். பிளானுக்கு மாறாகக் கட்ட மாட்டேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டது. ஆபீசில் என் கீழே இருந்தவர்கள் இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

இரண்டடியையும் இடித்தேன். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, உளி வைத்து, நாலு நாள் வேலை. கூட்டியதற்கும் பணம், குறைத்ததற்கும் பணம். ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன். பாதி தருவதாக கான்ட்ராக்டர் சொன்னார், சொன்னதோடு சரி. பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது. இப்போது பெயிண்ட் கடையில் கல்லாவில் இருக்கிறான். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பான். அது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், திருச்சியில் தங்கை மகன் வீடு கட்டுகிறான். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிவிட்டான். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், ஒரு மாடி வரை என்றால் முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பது கிடையாது. நாம் சொல்வதை நம்பி அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். நல்ல திட்டம்தான், அலைச்சல் மிச்சம். "கட்டறதை யாருடா பார்த்துக்கறா?" என்று போனில் கேட்டேன்.

"மேஸ்திரி இருக்காரே மாமா, ரொம்ப நம்பிக்கையானவர்" என்றான்.

வெள்ளிக்கிழமை பல்லவனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. பையில் அளக்கிற டேப்பையும் எடுத்து வைத்திருக்கிறேன்.