செல்லாத சக்கரம்

குளத்தூரில் அந்தப் பாட்டியின் தகர டப்பாவில் இருப்பவை 28 சக்கரங்கள். பனையேறியான அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தவை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். இது திருவிதாங்கூர் கணக்கு. 1949-ல் சமஸ்தானம் கொச்சியோடு இணைந்தது, சக்கரம் செல்லாக்காசாயிற்று.

பண்டைய கிரேக்கர்கள் நாணயத்தை 'நோமிஸ்மா' என்றார்கள். 'நோமோஸ்' என்றால் சட்டம், வழக்கம். நாணயத்தின் மதிப்பு இயற்கை தந்ததல்ல, மனிதர்கள் ஒப்புக்கொண்டது. அதைப் பயனற்றதாக்கவும் அவர்களால் முடியும் என்று விளக்கினார் அரிஸ்டாட்டில்.

அரிஸ்டாட்டிலைப் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, ஊரே வங்கி வாசலில் நின்றபோது பதறாதவர் அவர் ஒருவர்தான். அவருக்கு இது இரண்டாம் முறை.

"எடைக்குத்தான் எடுப்பாவ, பாட்டி. வித்திரலாமா?" என்று கேட்டான் பேரன். பாட்டி பதில் சொல்லவில்லை. சக்கரங்களை நான்கு நான்காக அடுக்கினார். ஏழு அடுக்கு.

"ஏழு பணம். சரியாட்டு இருக்கு" என்று டப்பாவை மூடினார்.